சத்தம் போடாத துணிப் புத்தகம்: வேதாகமக் கதைகளை வைத்து நீங்களே தைப்பது எப்படி

எங்கள் கோயிலில் திருவிருந்து ஞாயிறு என்றால் ஆராதனை முடிய இரண்டு மணி நேரம் ஆகிவிடும். இரண்டரை வயதுப் பிள்ளையை அவ்வளவு நேரம் மடியில் உட்கார வைப்பது எவ்வளவு பாடு என்று தாய்மார்களுக்குத் தெரியும். ஒன்று, வெளியே தூக்கிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் நிற்க வேண்டும். இல்லையென்றால் கையில் போனைக் கொடுக்க வேண்டும். எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. பிள்ளை உள்ளேயே இருக்க வேண்டும், பாட்டும் ஜெபமும் அவள் காதில் விழ வேண்டும், கைக்கு மட்டும் ஒரு வேலை இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்காகத் தைத்ததுதான் இந்தத் துணிப் புத்தகம். கொயட் புக் என்றும் சொல்கிறார்கள்.

முதல் புத்தகத்தைத் தைக்க மூன்று மாதம் ஆனது. பக்கங்களை மூன்று தடவை பிரித்துத் தைத்தேன். கோயிலுக்கு எடுத்துப்போன முதல் ஞாயிறு, பாவ அறிக்கை ஜெபத்துக்காக எல்லாரும் அமைதியாக முழங்காலில் இருந்தபோது, பிள்ளை நோவாவின் பேழையிலிருந்து யானையைப் பிடுங்கினாள். வெல்க்ரோ ‘கர்ர்’ என்று கிழிந்த சத்தம் பீடம் வரைக்கும் கேட்டது. அவளுக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போய் ஒட்டி ஒட்டிப் பிடுங்க ஆரம்பித்துவிட்டாள். அன்றைக்குப் புத்தகத்தைப் பையில் போட்டவள், வெல்க்ரோ முழுவதையும் பிரித்த பிறகுதான் மறுபடி வெளியே எடுத்தேன்.

இதுவரை நான்கு புத்தகம் தைத்துவிட்டேன். நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன். நேராகத் தைக்கத் தெரிந்தால் போதும். மிஷின் இல்லாவிட்டாலும் கையாலேயே முடிக்கலாம், நாள்தான் கூடும்.

1. முதலில் பிள்ளையின் வயதைப் பாருங்கள்

எதை வாங்குவது, எதைத் தொடவே கூடாது என்பதெல்லாம் இதை வைத்துத்தான். மூன்று வயதுக்குக் கீழே என்றால் பட்டன், மணி, பிரஸ் பட்டன், பாசி எதுவும் கூடாது. என்ன இறுக்கித் தைத்தாலும் ஒரு நாள் கழன்று வாய்க்குள் போகும். அந்த வயதுக்குத் தூக்கிப் பார்க்கும் மடிப்பு, பை, எலாஸ்டிக் வளையம், பெரிய ஜிப் இவ்வளவும் போதும். மூன்று முடிந்த பிறகு பட்டன், பிரஸ் பட்டன், கயிறு கோப்பது என்று கூட்டலாம். ஐந்து வயதுக்கு எண்ணுவது, பின்னுவது, முடிச்சுப் போடுவது.

காந்தம் எந்த வயதுக்கும் வேண்டாம். சத்தமில்லாமல் ஒட்டுமே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. இரண்டு காந்தத்தை விழுங்கிவிட்டால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து நடுவில் இருக்கும் சதையை ஓட்டையாக்கிவிடும். அறுவை சிகிச்சை வரைக்கும் போகும்.

2. கதையில் விரலுக்கு என்ன வேலை?

பிடித்த கதையை எடுத்துப் படமாகத் தைத்துவிட்டால் பிள்ளை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திருப்பிவிடும். என் முதல் புத்தகத்தில் தானியேலும் சிங்கங்களும் ஆறு இரவு உட்கார்ந்து தைத்த பக்கம். சிங்கத்தின் பிடரிக்கே இரண்டு கண்டு நூல் போனது. அதில் பிள்ளை செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் அவள் கை அங்கே நிற்கவே இல்லை. அதனால் ஒவ்வொரு கதையிலும் விரல் செய்யக்கூடிய வேலை ஒன்றை முதலில் கண்டுபிடியுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு வேலை போதும்.

எனக்குச் சரியாக வந்தவை இவை:

- ஐந்து அப்பம், இரண்டு மீன்: கூடை வடிவத்தில் ஒரு பை. எடுத்து, எண்ணி, திரும்பப் போடுவது.
- யோனா: மீனின் வாய்க்கு ஜிப். திறந்தால் உள்ளே யோனா.
- சகேயு: காட்டத்தி மரத்தின் தண்டில் நாடாவை மேலும் கீழும் தைத்து, அதில் ஒரு துணி ஆள் ஏறி இறங்குவது.
- யோசேப்பின் பலவருண அங்கி: வண்ண வண்ணத் துண்டுகளில் அங்கி, முன்னால் பட்டன். மூன்று வயதுக்கு மேல்.
- தாவீது: கூழாங்கல் ஐந்து, சின்னப் பை ஒன்று.
- ஆவியின் கனி ஒன்பது: மரத்தில் ஒன்பது பழம். நான் மா, கொய்யா, மாதுளை, நாவல் என்று நம் ஊர்ப் பழங்களாகவே வைத்தேன். பேர் சொல்லிப் பறிப்பாள்.

காணாமற்போன ஆடு பக்கத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான்கு புத்தகத்திலும் பிள்ளைகள் அதிக நேரம் நின்றது அங்கேதான். நூறு ஆடு தைக்க முடியாது. தொழுவத்தில் நான்கு ஆடு, ஐந்தாவது இடம் காலி. பக்கத்தின் மறு மூலையில் மூன்று பச்சைப் புதர். மூன்றுமே மேல் ஓரத்தில் மட்டும் தைக்கப்பட்ட மடிப்புகள். ஒரு புதரை விரலால் தூக்கினால் வெறும் தரை. அடுத்ததில் ஒரு பூ. மூன்றாவதில் ஆடு ஒரு சின்னப் பைக்குள் உட்கார்ந்திருக்கும். எடுத்துக்கொண்டு போய்த் தொழுவத்தின் காலி இடத்தில் இருக்கும் எலாஸ்டிக் வளையத்தில் சொருக வேண்டும். என் மகள் ஆடு எங்கே இருக்கிறது என்று தெரிந்தும் முதல் இரண்டு புதரையும் தேடிவிட்டுத்தான் மூன்றாவதைத் தூக்குவாள். பிரசங்க நேரத்தில் பாதி அதிலேயே போய்விடும்.

கத்தோலிக்கர் வீட்டுக்குத் தைத்தபோது ஜெபமாலையின் ஒரு பத்தை மட்டும் ஒரு பக்கமாக வைத்தேன். மணிக்குப் பதில் ஃபெல்ட்டில் (நெய்யாமல் அழுத்திச் செய்த கெட்டித் துணி) பஞ்சு அடைத்த பத்து உருண்டை, நாடாவில் கோத்து நகர்த்துவது. இதே முறையில் எந்தச் சமயத்துக்கும் தைக்கலாம். பிள்ளையாருக்குக் கொழுக்கட்டைத் தட்டு, தட்டில் எண்ணி வைப்பது. இஸ்லாமியத் தோழி ஒருத்திக்கு, சுபுஹு முதல் இஷா வரை ஐந்து வேளைக்கும் வானத்தின் நிறம் மாறுகிற மாதிரி ஐந்து மடிப்பு தைத்தேன். உருவங்கள் வைக்க விரும்பாத வீடுகள் உண்டு, முகம் வேண்டாம் என்பவர்கள் உண்டு. கேட்டுவிட்டுத் தையுங்கள். வேத வசனத்தையோ ஓதும் வசனத்தையோ பக்கத்தில் தைப்பதற்கு முன்பும் கேளுங்கள். பிள்ளை வாயில் வைக்கும், கீழே போடும், மிதிக்கும். அது சிலருக்கு மனவருத்தம். நான் வசனம் தைப்பதில்லை, கதையை வாயால் சொல்கிறேன்.

3. காகிதத்தில் முழு அளவில் வரையுங்கள்

ஒரு பக்கம் 20-க்கு 20 சென்டிமீட்டர். இடது பக்கம் கட்டுவதற்கு 3 சென்டிமீட்டர் கூடுதல் (தாளின் பின்பக்கத்துக்கு இது வலது பக்கம் வரும்; கீழே ‘இடது’ என்று சொல்லும் இடமெல்லாம் இப்படியே). சுற்றிலும் தையலுக்கு 1 சென்டிமீட்டர். ஆக, வெட்ட வேண்டிய துணி 25 அகலம், 22 உயரம். இதைவிடப் பெரிதாகப் போகாதீர்கள், மடியிலும் நிற்காது, கைப்பையிலும் நுழையாது.

முதல் புத்தகத்துக்கு ஆறு பக்கம் போதும். அட்டையோடு சேர்த்து ஐந்து தாள், அதாவது துணி பத்துத் துண்டு. நான் பன்னிரண்டு பக்கம் என்று ஆரம்பித்துப் பாதியில் மலைத்துப்போனேன்.

படத்தைப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்து, துண்டு துண்டாக வெட்டி, பக்கத்தின் மேல் வைத்துப் பாருங்கள். ஆடு தொழுவத்துக்குள் அடங்குகிறதா, பையின் வாய் பிள்ளையின் கை நுழையும் அளவு இருக்கிறதா என்பதெல்லாம் இங்கேயே தெரிந்துவிடும். இடது ஓரத்திலிருந்து 2 சென்டிமீட்டருக்குள் எதையும் வைக்காதீர்கள், மடிப்பில் மாட்டிக்கொள்ளும்.

4. சாமான் வாங்குவதும் செலவும்

ஒரே ஊரில் எல்லாம் கிடைக்கும். தையல் சாமான் கடையில் முக்கால்வாசி, ஃபேன்ஸி கடையில் மீதி. மதுரைக்காரர்கள் விளக்குத்தூண் பக்கமும், சென்னைக்காரர்கள் பாரிமுனை, சௌகார்பேட்டை பக்கமும் போனால் விலை குறையும். நான்காவது புத்தகத்துக்கு எனக்கு ஆன செலவு:

- காடாத் துணி, ஒன்றேகால் மீட்டர்: ₹130
- ஃபெல்ட் துணி, ஏ4 அளவில் 14 தாள், தாள் ₹20 வீதம்: ₹280
- ஒட்டும் ஃபியூசிங் (இஸ்திரி போட்டால் துணியில் ஒட்டி விறைப்பாக்குவது), 1 மீட்டர்: ₹80
- எம்பிராய்டரி நூல் 8 கண்டு: ₹96
- பஞ்சு: ₹50
- பிரஸ் பட்டன் 2 டஜன்: ₹40
- நாடா, எலாஸ்டிக்: ₹40
- ஜிப் 2: ₹30
- 16-ஆம் நம்பர் மிஷின் ஊசி: ₹20

மொத்தம் ₹766. முதல் புத்தகத்துக்கு ₹1,350 ஆனது. கூடிப்போனது தேவையில்லாமல் வாங்கியதால்: வெல்க்ரோ, மணி, பளபளப்பான ஃபெல்ட், பக்கத்துக்கு உள்ளே வைக்க அட்டை. அட்டை வைத்தால் துவைக்க முடியாது. பளபளப்பு உதிர்ந்து கையெல்லாம் ஒட்டும்.

ஃபெல்ட்டில் இரண்டு தரம் உண்டு. கையில் எடுத்து விரலால் இருபது தடவை தேயுங்கள். நூல் உருண்டு வந்தால் அதை வாங்காதீர்கள். ஒரு கடையில் ‘சுத்தக் கம்பளி’ என்று சொல்லித் தாள் ₹45-க்குக் கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் ஆட்டுக்குட்டி முழுவதும் பொங்கிப்போனது. விலையை வைத்துத் தரம் சொல்ல முடியாது, தேய்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

5. துவைத்துவிட்டு வெட்டுங்கள்

காடாத் துணி முதல் அலசலிலேயே சுருங்கும். அதனால் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, அலசி, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் வெட்ட வேண்டும்.

சிவப்பு, ஊதா, கரும்பச்சை ஃபெல்ட்டைத் தனித்தனியாகச் சோதியுங்கள். ஒரு துண்டை வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பிடித்தால் சாயம் இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். நான் சோதிக்காமல் விட்டதால் யோசேப்பின் அங்கிச் சிவப்பு எதிர்ப்பக்கத்து மேகத்தில் இறங்கிவிட்டது. அந்தப் பக்கத்தைத் தூரத்தான் போட்டேன்.

ஃபெல்ட் மேல் நேராக இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள். சுருண்டு கருகிவிடும். மேலே ஒரு மல்துணியைப் போட்டு, சூட்டைக் குறைத்து வையுங்கள்.

6. பக்கம் தைக்கும் வரிசை

இந்த வரிசை மாறினால் பிரிக்க வேண்டிவரும். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் முதலில் சேர்த்துவிட்டு, அப்புறம் படத்தைத் தைத்தேன் நான். தையல் எல்லாம் மறுபக்கத்தில் தெரிந்தது. யோனாவின் கடல் அலை பின்பக்கத்தில் தாவீதின் முகத்துக்குக் குறுக்கே ஓடியது.

அ. ஃபியூசிங்கை 20-க்கு 20 அளவில் வெட்டி, துணியின் உள்பக்கம் ஒட்டுங்கள். இடது ஓரத்து 3 சென்டிமீட்டரில் ஒட்டாதீர்கள். அந்த இடம் மெல்லிசாக இருந்தால்தான் புத்தகம் நன்றாகத் திறக்கும்.

ஆ. பின்னணி முதலில்: வானம், தரை, கடல். அதன் மேல் மரம், பேழை, தொழுவம். ஓரங்களைக் காஜா எடுப்பது மாதிரி கையால் தைத்தால் ஃபெல்ட் ஓரம் கிழியாது. மிஷினில் என்றால் ஜிக்ஜாக்.

இ. அடுத்து வேலை செய்கிற பாகங்கள்: மடிப்பு, பை, ஜிப், எலாஸ்டிக். பையின் வாயின் இரண்டு முனையிலும் நான்கைந்து தடவை திருப்பித் தையுங்கள். பிள்ளை இழுப்பது அந்த முனையில்தான். பிரஸ் பட்டன் வைக்கும் இடத்தில் உள்பக்கம் ஒரு சின்னத் துணித் துண்டை வைத்துச் சேர்த்துத் தைத்தால் பக்கம் கிழியாது.

ஈ. கடைசியாக முகம், கண், வாய். கடையில் விற்கும் பொம்மைக் கண் ஒட்டாதீர்கள், நூலிலேயே போடுங்கள்.

உ. இரண்டு பக்கமும் முடிந்த பிறகு நல்ல பக்கங்களை உள்ளே வைத்து மேல், வலது, கீழ் மூன்று ஓரம் மட்டும் தைத்து, இடது பக்கம் வழியாகப் புரட்டுங்கள். இடது ஓரத்தை மூட வேண்டாம், கட்டும்போது அது உள்ளே போய்விடும். தைக்கும் முன் தொங்குகிற நாடாக்களை எல்லாம் நடுப்பக்கத்தில் குண்டூசியால் குத்திவிடுங்கள், இல்லாவிட்டால் தையலில் மாட்டிக்கொள்ளும். புரட்டியதும் குண்டூசியை எண்ணி எடுங்கள். எத்தனை குத்தினீர்களோ அத்தனையும் கைக்கு வர வேண்டும்.

7. தனியாக எடுக்கிற துண்டுகள்

ஆடு, மீன், அப்பம் மாதிரி தனியாகக் கழட்டுகிற துண்டை இரண்டு ஃபெல்ட் சேர்த்து, நடுவில் கொஞ்சம் பஞ்சு வைத்துத் தையுங்கள். ஒற்றை ஃபெல்ட் ஒரே வாரத்தில் தொய்ந்துவிடும். அளவு 5 சென்டிமீட்டருக்குக் குறையவே கூடாது.

அளவு சரிதானா என்று பார்க்க, விளையாட்டுப் பொருள் சோதனையில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதற்குள் அடங்கினால் மூன்று வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது. ஃபெல்ட்டை நசுக்கினால் சிறிதாகும் என்பதால் நான் 4 சென்டிமீட்டர் அகலத்துக்கு அட்டையைச் சுருட்டி வைத்துக்கொண்டு, துண்டை மடக்கித் திணித்துப் பார்க்கிறேன். உள்ளே போனால் பெரிதாக வெட்டுவேன்.

கோயில் பெஞ்சுக்கு அடியில் விழுந்த துண்டு அன்றைக்குக் கிடைக்காது. எங்கள் கோயில்குட்டியார் (கோயில் பணியாளர்) பெருக்கும்போது எடுத்து வைத்துக் கொடுத்த ஆடு இரண்டு. அதனால் துண்டுகளை நாடாவால் பக்கத்தோடு பிணைத்துவிடுங்கள். நாடா 15 சென்டிமீட்டர் போதும். அதற்கு மேல் நீண்டால் கழுத்திலோ விரலிலோ சுற்றும்.

8. தாள்களைச் சேர்ப்பது

வளையம் போட்டால் பெஞ்சில் இடித்துச் சத்தம் வரும், பிள்ளை அதைத் திறந்தும் விடும். தைத்துவிடுவதே நல்லது. ஐந்து தாளையும் வரிசையாக அடுக்கி, இடது ஓரத்தைச் சேர்த்துக் கிளிப் போட்டு, பிள்ளை படிக்கிற மாதிரி ஒரு தடவை முழுவதும் திருப்பிப் பாருங்கள். தலைகீழாக ஒரு பக்கம் இருப்பது இப்போதுதான் கண்ணில் படும்.

வீட்டு மிஷினில் 16-ஆம் நம்பர் ஊசி போட்டு, மோட்டாரையோ பெடலையோ விட்டுவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி மெதுவாக இரண்டு வரிசை தைக்கலாம். மிஷின் திணறினால் விட்டுவிடுங்கள், ஊசி உடைந்து தெறிக்கும். ஸ்கூல் பேக் தைக்கிற கடையில் கொடுத்தால் பெரிய மிஷினில் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். எனக்கு ₹30 வாங்கினார்கள். அப்புறம் ஒரு பட்டைத் துணியால் முதுகை மூடிக் கையால் தைத்துவிட்டால் சரி.

9. கொடுப்பதற்கு முன்

ஒவ்வொரு துண்டையும், நாடாவையும், பட்டனையும் முழுப் பலத்தோடு இழுத்துப் பிடித்துப் பத்து எண்ணுங்கள். அசைந்தால் பிரித்துத் தையுங்கள். ஒரு தடவை தண்ணீரில் அலசிக் காயவைத்து மறுபடி இழுங்கள்.

அப்புறம் இன்னொரு சோதனை. இரவு எல்லாரும் தூங்கிய பிறகு, ஃபேனையும் நிறுத்திவிட்டு, புத்தகத்தின் எல்லா வேலைகளையும் செய்து பாருங்கள். அந்த அமைதியில் உங்கள் காதுக்குக் கேட்பது கோயிலிலும் கேட்கும். ஜிப் வேகமாக இழுத்தால் சத்தம் வரும். பிளாஸ்டிக் பல் ஜிப்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் குறையும்.

வீட்டில் தினமும் கொடுக்காதீர்கள். கோயில் பையில் இருந்தால்தான் ஞாயிற்றுக்கிழமை புதிதாக இருக்கும். முதல் தடவை மட்டும் சனி இரவு கதையைச் சொல்லி, எப்படித் திறப்பது என்று காட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆராதனை நடுவில் “அம்மா, இது என்ன?” என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

10. எவ்வளவு நாள் ஆகும்

எனக்கு ஒரு பக்கத்துக்கு மூன்று முதல் நான்கு மணி நேரம். வரைய, வெட்ட ஐந்து மணி. அட்டைக்கும் சேர்ப்பதற்கும் நான்கு மணி. ஆக, ஆறு பக்கத்துக்கு முப்பது மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை தூங்கின பிறகு தினமும் ஒரு மணி நேரம் என்றால் நான்கைந்து வாரம். கிறிஸ்துமஸுக்கு வேண்டுமென்றால் அக்டோபர் முதல் வாரமே ஆரம்பியுங்கள். டிசம்பரில் பலகாரம், வீடு வெள்ளை அடிப்பு, கேரல் என்று கை ஓயாது.

11. விற்பதாக இருந்தால் ஆவணங்கள்

உங்கள் பிள்ளைக்கோ உறவுக்கோ கொடுப்பதற்கு ஒரு காகிதமும் வேண்டாம். விற்கப் போகிறீர்கள் என்றால் கவனம். இந்தியாவில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விளையாடும் பொருட்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். துணிதானே என்று விட முடியாது. மத்திய அரசின் கைவினைப் பொருள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்கும் பொருட்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே முதலில் வாங்க வேண்டியது அந்தக் கைவினைஞர் அடையாள அட்டை. ஆதார், புகைப்படம், வங்கிப் பாஸ்புக், ஆதாரோடு இணைத்த போன் நம்பர் இவற்றைத் தயாராக வையுங்கள். கையால் தைத்த மாதிரி இரண்டும், தைக்கும்போது எடுத்த படங்களும் வைத்திருங்கள்.

உத்யம் பதிவு வேறு. சிறுதொழில் என்பதற்கான சான்று அது, ஐஎஸ்ஐ விலக்குக்கு அது போதாது. ஆதாரும் பானும் வைத்து அரசின் தளத்தில் நீங்களே பதியலாம், கட்டணமே இல்லை. அரசுத் தளம் மாதிரியே தோற்றத்தில் பணம் கேட்கிற தனியார் தளங்கள் இருக்கின்றன. நான் அப்படி ஒன்றில் ₹1,499 கட்டி ஏமாந்தேன். முகவரி ‘.gov.in’ என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு ஆதார் எண்ணைப் போடுங்கள்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் படிவங்கள் பெரும்பாலும் சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான். அதை வைத்துத் தைத்து விற்பதற்கு வரைந்தவரின் அனுமதி வேண்டும். விற்பதற்கு நீங்களே வரைந்துவிடுங்கள். ஆடு கொஞ்சம் கோணலாக இருந்தாலும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

விலை வைக்கும்போது சாமான் ₹766 என்று ₹1,000-க்குக் கொடுத்துவிடாதீர்கள். முப்பது மணி நேரத்துக்கு மணிக்கு ₹8 கூட வராது. அறுப்பின் பண்டிகை விற்பனைக்கு நான் அப்படித்தான் இரண்டு கொடுத்தேன். பணம் கோயிலுக்குப் போனதால் வருத்தமில்லை. வியாபாரம் என்றால் ஒற்றைப் பக்கமாக, துணித் துண்டோடு, ₹200 அளவில் விற்பது எளிது. வாங்குகிறவர்களும் தயங்க மாட்டார்கள்.

12. துவைப்பு, பழுது

மாதம் ஒரு தடவை, குளிர்ந்த தண்ணீரில் ஷாம்பு விட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்து, கையால் அமுக்கி எடுங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள். டவலில் சுருட்டி ஈரத்தை எடுத்து, பக்கங்களை விரித்து நிழலில் நிறுத்தி வையுங்கள். நடுவில் பஞ்சு வைத்த துண்டுகள் முழுதாகக் காய இரண்டு நாள் ஆகும். ஈரத்தோடு மூடிவைத்தால் பூஞ்சை வாடை வரும்.

துவைக்கும் அன்றைக்கே எல்லாத் தையலையும் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். மிஞ்சிய ஃபெல்ட்டில் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு துண்டு, அந்தந்த நூல் கொஞ்சம், முன்கூட்டியே தைத்த ஆடு ஒன்று, இவற்றை ஒரு கவரில் போட்டு வீட்டுத் தையல் டப்பாவில் வைத்துவிடுங்கள். அதே நிறம் மறுபடி கடையில் கிடைக்காது.